ஹைலேண்ட்ஸ் பயணம்: ஏழு பேர், ஐந்து நாள். சொந்த வேனா, டூர் பஸ்ஸா?

குளிர்க்கம்பளி:

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். மொத்தம் ஏழு பேர்: நான், மனைவி, பத்து வயது மகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா, சகலை, அவர் மனைவி. அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு. சமதளத்தில் நன்றாகவே நடப்பார், ஏற்றம் என்றால் முடியாது. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கோட்டை என்று பெயர் இருந்தால் போதும், உள்ளே போய்க் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் திரும்ப மாட்டார்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாள் எடின்பராவிலிருந்து க்ளென்கோ வழியாக ஃபோர்ட் வில்லியம். இரண்டாம் நாள் ஸ்கை தீவைச் சுற்றிவிட்டு இரவு இன்வெர்னெஸ். மூன்றாம் நாள் லாக் நெஸ் ஏரி, அர்க்கார்ட் கோட்டை, கலோடன் போர்க்களம். நான்காம் நாள் வடகோடியில் ஜான் ஓ குரோட்ஸ். ஐந்தாம் நாள் எடின்பராவுக்குத் திரும்பல்.

வேன் எடுத்து நாங்களே ஓட்டுவதா, பதினாறு பேர் போகிற மினி பஸ் டூரில் ஏறிவிடுவதா? அப்புறம், பார்க்கப்போகும் கோட்டை எல்லாமே இடிந்த சுவர்தானா? மகள் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

பஸ்ஜன்னல்:

கண்ணை மூடிக்கொண்டு டூரில் ஏறுங்கள். ஓட்டுகிறவர் மலையைப் பார்க்க முடியாது, ரோட்டைத்தான் பார்க்க முடியும். அதிலும் லாக் லோமண்ட் கரையோரம் போகும் ஏ82 சாலையில் சில இடங்களில் எதிரே லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழு டூரில் ஓட்டுநரே வழிகாட்டி. மைக்கை மாட்டிக்கொண்டு, வளைவில் திரும்பும்போதே அந்த இடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். ஐம்பது பேர் பஸ் மாதிரி இறங்கி ஏறவே அரை மணி நேரம் போகாது, பெரிய பஸ் நுழையாத சந்திலும் நுழையும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு சின்னப் பெட்டிதான் அனுமதி. "இங்கே இருபது நிமிடம்" என்றால் இருபதுதான். அப்பா கல்லைத் தொட்டுப் பார்க்கிற ஆள் என்றால் அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வடக்குவாசி:

இன்வெர்னெஸ் பக்கத்தில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். முதலில் ஜான் ஓ குரோட்ஸை அடித்துவிடுங்கள். இன்வெர்னெஸிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அங்கே ஒரு கைகாட்டி மரமும் கடைகளும் இருக்கும். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பிரிட்டன் பெருநிலத்தின் வடமுனைகூட அது இல்லை, அது டன்னட் ஹெட்.

அடுத்தது ஸ்கை. ஒரே நாளில் ஸ்கையைச் சுற்றிவிட்டு இரவுக்குள் இன்வெர்னெஸ் என்பது வரைபடத்தில் நடக்கும், வேனில் நடக்காது. ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீயிலிருந்து இன்வெர்னெஸுக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம். தீவுக்குள் பல சாலைகள் ஒற்றைத் தடம், ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க நடுநடுவே இடம் விட்டிருப்பார்கள், அதில் நின்று வழிவிட்டுத்தான் போக வேண்டும். அதில் காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போகிறவர்களை உள்ளூர்க்காரர்கள் மனதுக்குள் என்ன சொல்வார்கள் என்று இங்கே எழுத முடியாது.

வேனா டூரா என்றால், ஏழு பேருக்கு வேன்தான். பிரிட்டிஷ் கார் லைசென்ஸில் ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது சீட் வரை ஓட்டலாம். ஏழு சீட் கார் எடுக்காதீர்கள். ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் பெட்டி வைக்க இடமே இருக்காது. இரண்டு பேர் பெயரையும் ஓட்டுநராகப் பதிந்து மாறி மாறி ஓட்டுங்கள், பஸ்ஜன்னல் சொன்ன பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். ஊரில் ஓட்டிப் பழகிய கைக்கு இடதுபக்கம் ஓட்டுவது புதிதில்லை. பெட்ரோல் பாதி குறைந்ததுமே போட்டுவிடுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடையாது.

தேதியையும் பாருங்கள். மே கடைசித் திங்கள் விடுமுறை, இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அந்த வாரம் முழுக்க லீவு. ஸ்கையில் அறை வேண்டுமென்றால் இன்றைக்கே போடுங்கள்.

குளிர்க்கம்பளி:

ஜான் ஓ குரோட்ஸ் அவுட். சகலைதான் பிடிவாதம் பிடித்தார், கைகாட்டி மரம் கதையைப் படித்துக் காட்டியதும் அடங்கிவிட்டார். மிச்சமான அந்த ஒரு நாளை என்ன செய்யலாம்? ஸ்கையில் அம்மா ஏறாமலே பார்க்க என்ன இருக்கிறது?

பஸ்ஜன்னல்:

ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்கு மேலே போவது அம்மாவுக்கு ஆகாது, நல்ல ஏற்றம், போய்வர ஒன்றரை இரண்டு மணி நேரம். ஆனால் போர்ட்ரீயிலிருந்து வடக்கே போகும் சாலையிலிருந்தே அந்தப் பாறை நன்றாகத் தெரியும். கில்ட் ராக் பார்வைத்தளம் கார் நிறுத்தத்தை ஒட்டியே இருக்கிறது. மீல்ட் அருவி அங்கே செங்குத்தாகக் கடலில் விழுகிறது. கம்பி வேலியில் காற்று பட்டு ஊதல் மாதிரி சத்தம் வரும், மகளுக்குப் பிடிக்கும். குயிராங்கில் சாலையே மலை உச்சிக் கணவாய் வரை ஏறுகிறது. அம்மா வண்டியை விட்டு நாலு எட்டு வைத்தால் போதும், முழுக் காட்சியும் கண்முன்னே. மற்றவர்கள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரட்டும். ஃபேரி பூல்ஸ் என்ற ஓடைக் குளங்களை விடுங்கள், படத்தில் இருக்கும் நீலத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கிழக்குக்காற்று:

கோட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லா டூரிலும் எய்லின் டோனன் கோட்டையைக் காட்டி "13ஆம் நூற்றாண்டு" என்பார்கள். நிஜமான 13ஆம் நூற்றாண்டுக் கோட்டையை 1719இல் கடற்படைக் கப்பல்கள் சுட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டன. அப்புறம் இருநூறு வருடம் வெறும் கற்குவியல். இன்று காலண்டரில் நீங்கள் பார்ப்பது 1912இல் தொடங்கி 1932இல் முடித்த கட்டடம். அந்த அழகான கல்பாலமும் அப்போது வந்ததுதான். வரலாற்று ஆசிரியர் இதற்காகக் காசு கொடுத்து உள்ளே போக வேண்டுமா? வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

வடக்குவாசி:

தகவல் சரி, முடிவு சரியில்லை. அந்த 1719 கதைக்காகவே அங்கே நிற்க வேண்டும். ஸ்பெயின் நாட்டுப் படைவீரர்கள் ஹைலேண்ட்ஸுக்குள் வந்து, நாடிழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக அந்தக் கோட்டையில் காவல் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜாகோபைட் (அந்த வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றப் போராடியவர்கள்) கிளர்ச்சி என்றாலே 1745 மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். கோட்டையிலிருந்து கிழக்கே ஏ87 சாலையில் போனால் க்ளென் ஷீல் வரும், அந்த வருடச் சண்டை நடந்த பள்ளத்தாக்கு. நீங்கள் எப்படியும் அதே ரோட்டில்தான் போகப்போகிறீர்கள்.

இதை வைத்து ஒரு யோசனை. இடங்களை அழகை வைத்து வரிசைப்படுத்தாமல் ஆண்டை வைத்து அடுக்கிப் பாருங்கள். ஆச்சரியமாக, பாதையும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போகிறது.

முதலில் க்ளென்கோ, 1692. மூன்றாம் வில்லியம் அரசனுக்கு விசுவாச உறுதி எடுக்க ஜனவரி 1 கடைசி நாள். க்ளென்கோ மெக்டொனால்டு குலத்தின் தலைவர் மெக்கியன் ஃபோர்ட் வில்லியம் போனார். அங்கே முடியாது, இன்வெரரிக்குப் போ என்று திருப்பிவிட்டார்கள். பனியில் அலைந்து ஜனவரி 6ஆம் தேதிதான் உறுதி எடுக்க முடிந்தது. அதைச் சாக்காக வைத்து, காம்ப்பெல் ஆஃப் க்ளென்லையான் தலைமையில் சிப்பாய்கள் வந்தார்கள். பன்னிரண்டு நாள் போல அதே மக்கள் வீட்டில் தங்கி, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டார்கள். 70 வயதுக்குக் கீழே யாரையும் விடாதே என்று ஆணை வந்தது. பிப்ரவரி 13 விடியற்காலையில் 38 பேரைக் கொன்றார்கள். பனிப்புயலில் ஓடிப்போய்க் குளிரில் செத்தவர்கள் தனி. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நாம் சொல்வதை ஸ்காட்லாந்துச் சட்டமே 'நம்பிக்கையில் செய்த கொலை' என்று தனிக் குற்றமாக வைத்திருந்தது.

அங்கே த்ரீ சிஸ்டர்ஸ் மலை எதிரே படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கொஞ்சம் கீழே இறங்கி நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் மையத்துக்குப் போங்கள். அந்தக் காலத்து வீடு ஒன்றை அதே முறையில் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே கூடை முடைவது போல் பின்னிய குச்சிச் சுவர், வெளியே புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிய கனத்த சுவர், மேலே ஹெதர் புதர்க் கூரை. புகைபோக்கி கிடையாது, நடுவில் அடுப்பு. தலை குனிந்துதான் நுழைய வேண்டும். இந்த அளவு வீட்டுக்குள்தான் சிப்பாய்களுக்கும் இடம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள் என்று உள்ளே நிற்கும்போது புரியும். இடிந்த சுவர் வேண்டாம் என்கிற உங்கள் மகளுக்கு இது சரியான இடம்.

அடுத்தது எய்லின் டோனன், 1719. பிறகு க்ளென்ஃபினன், 1745 ஆகஸ்ட் 19, ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் கிளர்ச்சிக் கொடியேற்றிய இடம். அதற்கடுத்து கலோடன், 1746 ஏப்ரல் 16, எல்லாம் முடிந்த இடம். கடைசியாக இன்வெர்னெஸ் பக்கத்தில் ஃபோர்ட் ஜார்ஜ். இனி ஒருவனும் எழக்கூடாது என்று அரசாங்கம் 1748இல் தொடங்கி இருபது வருடம் கட்டிய கோட்டை, இன்று வரை ராணுவம் இருக்கிறது. அது இடியவே இல்லை. கடலோரம் மதில்மேல் சமதளமாக நடக்கலாம், அம்மாவுக்கும் பிரச்சினை இல்லை. அப்பாவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

க்ளென்ஃபினன் மட்டும் எய்லின் டோனனுக்கு முன்னால் வந்துவிடும், அந்த ஒரு இடம் வரிசை மாறினால் குற்றமில்லை.

குளிர்க்கம்பளி:

இதை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வடக்குவாசி யார், எந்தக் கல்லூரியில் படித்தவர்" என்று கேட்கிறார். க்ளென்ஃபினன் என்றால் அந்த வளைந்த ரயில் பாலம்தானே? மகள் அதற்காகத்தான் வருகிறாள். நீராவி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

பஸ்ஜன்னல்:

அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலேக் வரை ஓடுகிறது. அதே பாலம், அதே ஜன்னல், டிக்கெட் மலிவு. பாலம் வளைந்திருப்பதால் பின்பெட்டியில் உட்கார்ந்தால் முன்பெட்டி திரும்புவது தெரியும். பாலத்தைத் தாங்கும் வில்வளைவுகள் 21, கல் இல்லை, முழுக்க கான்கிரீட். 1901இல் அந்த ரயில் பாதை திறந்தது. நீராவி ரயிலைப் பார்த்தால் மட்டும் போதும் என்றால் அது பாலத்தைக் கடக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கார் நிறுத்தத்தில் இருங்கள், நிரம்பிவிடும்.

ஒன்று கவனித்தீர்களா, எல்லோரும் பாலத்தைப் பார்த்துவிட்டு, எதிரே ஏரிக்கரையில் நிற்கும் 1815ஆம் ஆண்டு நினைவுத் தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கிழக்குக்காற்று:

எனக்கு ஒரு சந்தேகம். குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிற சுற்றுலாவில் படுகொலை, போர், மறுபடி படுகொலை என்று அடுக்கினால் எப்படி? மலையைப் பார்த்து மனசு லேசாகத்தானே போகிறோம். கலோடனில் என்ன இருக்கிறது, ஒரு பொட்டல்வெளி.

தேயிலைக்கொழுந்து:

பொட்டல்வெளி என்று சொன்னதால் எழுத வேண்டியதாகிவிட்டது.

கலோடனில் சிவப்புக் கொடி வரிசை ஒரு பக்கம், நீலக் கொடி வரிசை ஒரு பக்கம் நட்டு வைத்திருக்கிறார்கள். சிவப்பு அரசாங்கப் படை நின்ற இடம், நீலம் ஜாகோபைட்டுகள் நின்ற இடம். நீலத்திலிருந்து சிவப்புக்கு நடந்து பாருங்கள். பாதையை விட்டு ஓரத்தில் கால் வைத்தால் ஈரச் சதுப்பு. முந்தின இரவு முழுக்க நெய்ர்ன் ஊரை நோக்கி நடந்துபோய், தாக்காமலே திரும்பி வந்து, பசியோடு நின்றவர்கள் இந்தச் சேற்றில் பீரங்கிக்கு எதிரே ஓடினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாகோபைட்டுகளில் 1,500 பேர் வரை செத்ததாகச் சொல்கிறார்கள், எதிர்ப்பக்கம் 50 பேர். பள்ளிப் பாடத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த போர் என்று வரும், அது தப்பு. ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். குலப் பெயர் பொறித்த கற்கள் 1881இல் நட்டவை. 'கலந்த குலங்கள்' என்று மட்டும் எழுதிய கல் ஒன்று இருக்கிறது. யார் எவர் என்று தெரியாமல் புதைத்த இடம். களத்தில் நடக்கக் கட்டணம் கிடையாது, கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட்.

இனி நான் சொல்ல வந்தது. நான் இலங்கை மலையகத்துக்காரன். அக்கரபத்தனையில் க்ளென்லையான், பால்மோரல், மஸ்கெலியா பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே, தலவாக்கலையில் ஹோலிரூட். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டங்களுக்கு எல்லாம் இந்த ஊர்ப் பெயர்கள்தான். இலங்கையில் 1867இல் லூல்கந்துராவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர். அதனால் ஹைலேண்ட்ஸ் பார்க்கப் போனபோது எல்லோரும் "எவ்வளவு அமைதி, மனித வாடையே இல்லை" என்று சொன்னது எனக்கு ஒட்டவில்லை. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவனுக்கு மலையைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, இங்கே வேலை செய்தவர்கள் எங்கே என்பதுதான்.

அந்தப் பள்ளத்தாக்குகள் சும்மா காலியாகவில்லை. கலோடனுக்குப் பிறகு குலத் தலைவர்களின் பழைய நீதி அதிகாரத்தை அரசு பிடுங்கிவிட்டது. தலைவர் மெல்ல மெல்ல வெறும் நிலச்சுவான்தார் ஆனார். குடியானவன் தரும் வாடகையைவிட ஆட்டுப்பண்ணை அதிகம் தரும் என்று தெரிந்ததும், 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி தாண்டியும் ஊர் ஊராக ஆட்களை வெளியேற்றினார்கள். கடற்கரைக்குப் போனவர்கள், கனடாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் கணக்கில்லை. இன்று நாம் 'தூய இயற்கை' என்று படம் எடுக்கிற புல்வெளியில் உற்றுப் பார்த்தால் சதுரமாகப் புல் மேடிட்டிருக்கும், அது வீட்டு அடித்தளம்.

ஒரு நாள் மிச்சம் என்றீர்களே, குளிர்க்கம்பளி. இன்வெர்னெஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் க்ரோய்க் தேவாலயம் இருக்கிறது. ஆர்ட்கே ஊரைத் தாண்டி ஒற்றைத் தடச் சாலையில் பள்ளத்தாக்கு முடியும் வரை போக வேண்டும். 1845இல் க்ளென்கால்வியிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் இந்தத் தேவாலய முற்றத்தில் கூடாரம் போட்டுத் தங்கின. உள்ளே போகவில்லை. வெளியே நின்று கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் கீறி எழுதினார்கள். 'க்ளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை' என்று ஒரு கீறல். தங்களுக்கு வந்ததைத் தங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று நினைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன சாய்சதுரக் கண்ணாடி, எழுத்து நூல் மாதிரி மெல்லியது. நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். டூர் பஸ் வழக்கமாக அங்கே போவதில்லை. சொந்த வேன் எடுங்கள் என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பஸ்ஜன்னல்:

தேயிலைக்கொழுந்து அண்ணா, க்ரோய்க் எனக்கும் புதிது. சரி, என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. குளிர்க்கம்பளி, கலோடனில் மட்டும் அங்கேயே கிடைக்கும் வழிகாட்டி நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். நீங்களே கொடியைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பாதி புரியாது.

கிழக்குக்காற்று:

பொட்டல்வெளியை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் நடந்து பார்க்கிறேன். லாக் நெஸ்ஸைப் பற்றி யாருமே பேசவில்லையே? அந்த ஏரிப் பூதத்துக்கே கோபம் வரும்.

வடக்குவாசி:

பூதக் கதை இப்போதைய வடிவில் பரவியது 1933இல்தான், அதையும் ஆண்டு வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். ஏரி 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம். கரியைப் போலக் கறுத்த நீர், கரையோரப் பீட் மண்ணால் (மட்கிய செடிகொடி மண்) வந்த நிறம். படகுச் சவாரி போகலாம், ஆனால் காசுக்கேற்ற சுவாரசியம் என் கணக்கில் இல்லை. அதற்குப் பதில் ஃபோர்ட் அகஸ்டஸில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். தாமஸ் டெல்ஃபோர்ட் வெட்டிய கலிடோனியன் கால்வாய், 1822இல் திறந்தது, ஊர் நடுவில் ஐந்து அடைப்புகள் வழியாகப் படிப்படியாக ஏரிக்கு இறங்குகிறது. கதவு மூடித் தண்ணீர் வடிய வடியப் படகு கண்ணெதிரே கீழே போகும். பெஞ்ச் இருக்கிறது, ஐஸ்கிரீம் இருக்கிறது, குழந்தைகள் அசையாமல் பார்ப்பார்கள்.

அந்த ஊருக்குப் பெயர் வந்தது கலோடனில் வென்ற கம்பர்லண்ட் பிரபுவால், அவர் பெயர் வில்லியம் அகஸ்டஸ். ஃபோர்ட் வில்லியம், ஃபோர்ட் அகஸ்டஸ், ஃபோர்ட் ஜார்ஜ் மூன்றும் ஒரே கோட்டில் மலைநாட்டைக் குறுக்கே பூட்டிய பூட்டுகள். அப்பா இதை ரசிப்பார்.

டிக்கெட் விஷயம்: க்ளென்கோ, க்ளென்ஃபினன், கலோடன் மூன்றும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து. இங்கிலாந்து நேஷனல் டிரஸ்ட் அட்டை இருந்தால் அங்கேயும் செல்லும். அர்க்கார்டும் ஃபோர்ட் ஜார்ஜும் அரசு சார்ந்த வேறு அமைப்பு, அட்டையும் வேறு. எய்லின் டோனன் தனி.

குளிர்க்கம்பளி:

முடிவாகிவிட்டது. ஒன்பது சீட் வேன், நானும் சகலையும் மாறி மாறி. முதல் நாள் க்ளென்கோ, இரவு ஃபோர்ட் வில்லியம். இரண்டாம் நாள் காலை க்ளென்ஃபினன், மதியம் எய்லின் டோனன், இரவு ஸ்கை. மூன்றாம் நாள் பகல் முழுக்க ஸ்கை, இரண்டாவது இரவும் அங்கேயே. நான்காம் நாள் ஃபோர்ட் அகஸ்டஸ், ஏரிக்கரை வழியாகக் கலோடன், இரவு இன்வெர்னெஸ். ஐந்தாம் நாள் ஃபோர்ட் ஜார்ஜ். அலுவலகத்தில் இன்னொரு நாள் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அது க்ரோய்க்குக்கு. அர்க்கார்டைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். 1692இல் படையே வெடி வைத்துவிட்டுப் போன கோட்டை என்று அப்பா ஏற்கெனவே படித்துவிட்டார்.

கடைசியாக ரெண்டு விஷயம். மிட்ஜ் என்ற கொசு பயங்கரம் என்கிறார்களே? அப்புறம் நாங்கள் நாலு பேர் சைவம்.

வடக்குவாசி:

மே கடைசியில் மிட்ஜ் தொடங்கும் நேரம்தான், ஜூலை ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. காற்று அடித்தால் வராது. காற்றில்லாத மாலையில் ஏரிக்கரையில் நிற்காதீர்கள், அவ்வளவுதான். உள்ளூர் மருந்துக் கடையில் ஸ்மிட்ஜ் என்ற பூச்சு கிடைக்கும். இருட்டு பத்து மணி தாண்டித்தான் வரும், அதை நம்பி இரவு உணவைத் தள்ளிப் போடாதீர்கள். சின்ன ஊர்களில் எட்டு எட்டரைக்கே சமையலறையை மூடிவிடுவார்கள்.

சாம்பார்சாதம்:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இது என் ஏரியா. ஸ்கையில் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள், குட்டி ரைஸ் குக்கரை வேனில் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோர்ட் வில்லியம் சூப்பர்மார்க்கெட்டிலேயே காய்கறி வாங்கிவிடுங்கள். வெளியே சாப்பிட்டால் மாக்கரோனி சீஸ் எங்கும் கிடைக்கும், சைவ ஹேகிஸ் (ஆட்டு உள்ளுறுப்பில் செய்யும் ஸ்காட்லாந்துப் பண்டத்தின் சைவ வடிவம்) பல இடங்களில் உண்டு, மிளகு தூக்கலாக நன்றாகவே இருக்கும். லெண்டில் சூப் என்று போட்டிருந்தால் பருப்புதானே என்று உடனே ஆர்டர் பண்ணாதீர்கள். அங்கே அதைப் பன்றிக்கறி வேகவைத்த தண்ணீரில் செய்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.